களிமண் உறங்குவதில்லை

அனற்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை எனப் பாறைகள் மூவகைப்படும். தேர்வுக்கு இவ்வரி போதும்; பாறையை அறிந்துகொள்ளப் போதாது என்பதே என் கருத்து. மூன்று பெட்டிகளில் அடைத்துப் படித்தால், ஒன்று மற்றொன்றாக மாறும் வழி நம் கண்ணில் படாமலே போகும். அவ்வழியில் பெரும்பங்கு களிமண்ணுடையது.

“எங்கள் சேலத்திலும் நாமக்கல்லிலும் கடும்பாறைதானே! களிப்பாறைக்கு எங்கே போவது?” என்று நீங்கள் கேட்கலாம். நாமக்கல் கோட்டை நிற்கும் குன்றைப் பாருங்கள். இத்தகைய பாறைகளில் பெல்ஸ்பார் என்னும் கனிமம் உண்டு. மழைநீரில் கரைந்த கரியமில வாயு அதைச் சிறுகச் சிறுகச் சிதைக்கிறது. பொட்டாசியம் போன்றவை கரைந்து செல்ல, எஞ்சுவது களிமண். அதைத் திருமணிமுத்தாறு காவிரியில் சேர்க்கிறது. காவிரி கடலை நோக்கிச் சுமந்து செல்கிறது.

கதை அங்கே முடிந்துவிடுகிறதா? இல்லை. மேலே வண்டல் படியப் படிய, அடியிலுள்ள சேறு ஆழத்தில் புதைகிறது. ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சுமார் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசல் மண்ணில் ஸ்மெக்டைட் என்ற களிக்கனிமம் மிகுதி. நீரை உறிஞ்சினால் அது உப்பும். ஆழத்திலோ அது நீரை இழந்து, பொட்டாசியத்தை ஏற்று, உப்பாத இல்லைட்டாக மாறுகிறது.

அமெரிக்காவில், மெக்சிகோ வளைகுடாக் கரையில் தோண்டிய ஓர் ஆழ்கிணற்றின் துகள்களை ஆராய்ந்து, ஜான் ஹோவரும் உடனாய்வாளர்களும் 1976-இல் முடிவுகளை வெளியிட்டனர். சுமார் 2,000 மீட்டரிலிருந்து 3,700 மீட்டர் வரை இறங்குகையில், இரு கனிமங்களும் கலந்த களியில் இல்லைட் அடுக்குகள் 20 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காடாக உயர்ந்திருந்தன. பொட்டாசியம் எங்கிருந்து வந்தது? அதே சேற்றில் சிதையாமல் வந்து சேர்ந்த பெல்ஸ்பார் துகள்களிலிருந்துதான்! மிஞ்சிய சிலிக்கா குவார்ட்சாயிற்று. இரும்பும் மக்னீசியமும் குளோரைட்டு என்ற கனிமமாயின. மேலே இழந்ததை மண் ஆழத்தில் மீட்டுக்கொள்கிறது அன்றோ?

இது வெறும் வேடிக்கை அன்று. புதைந்த உயிர்ப்பொருள் எண்ணெயாவதும் ஏறக்குறைய இதே வெப்பநிலையில்தான். எனவே, காவிரிப் படுகையில் எண்ணெய் தேடுவோருக்குக் களிக்கனிமம் ஒரு வெப்பமானி போன்றது.

இன்னும் வெப்பமும் அழுத்தமும் கூடினால் என்ன ஆகும்? சேலத்துக் கஞ்சமலையே விடை கூறும். தொல்பழங்கடலின் அடியில் படிந்த இரும்பும் சிலிக்காவும் புதைந்து வெந்து, இன்று கடினமான காந்தக்கல் அடுக்குகளாக நிற்கின்றன. ஆக, கதையின் தொடக்கமும் முடிவும் உங்கள் மாவட்டங்களிலேயே உள்ளன. நடுப்பகுதி மட்டும் டெல்டாவின் அடியில் இருக்கிறது.

பள்ளிகள் இதைக் கரும்பலகையோடு நிறுத்தலாகாது. இரு கண்ணாடிப் புட்டிகளில் நீரூற்றி, ஆற்று வண்டலைக் கலக்குங்கள். மணல் உடனே படியும். களி நெடுநேரம் மிதக்கும். ஒன்றில் மட்டும் இரண்டு கரண்டி உப்பிடுங்கள். அது விரைவில் தெளியும். ஆற்றுச் சேறு கடல்முகத்தில் படிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இச்சோதனைக்குச் செலவில்லை. ஒரு வகுப்பு நேரத்தை ஒதுக்கும் மனமே வேண்டும். அதை உங்கள் ஆசிரியரிடம் கேட்டுப் பெறுங்கள்.