போட்டிமுறையில் நீதி

ஆட்டத்தின் முடிவைத் தீர்மானிப்பவர் களத்தில் நிற்கும் வீரர் மட்டுமல்லர். எந்த அணி எந்த அணியை எதிர்கொள்ளும், எத்தனை நாளில் எத்தனை ஆட்டங்கள் நடைபெறும், வெற்றிகள் சமமானால் யார் முன்னேறுவர் என்பனவற்றை முன்னரே வகுத்து வைப்போரும் அம்முடிவில் பங்குடையவர்களே. வகுத்த முறை கோணலாயின் ஆடுவோரும் கோணலாக ஆடத் தலைப்படுவர். 2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் இரட்டையர் இறகுப்பந்துப் போட்டியில் இதுவே நிகழ்ந்தது. குழு ஆட்டத்தில் தோற்றால் அடுத்த சுற்றில் எளிய எதிரணி கிடைக்கும் என்னும் நிலை உருவானபோது, வேண்டுமென்றே தோற்க முயன்ற எட்டு வீராங்கனையர் போட்டியிலிருந்து நீக்கப்பட்டனர். அவர்கள் செய்தது தவறே. ஆனால், தோல்வியை ஆதாயமாக்கிய அட்டவணையைக் குற்றமற்றது என்று கூற இயலாது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பேஸ்பால் விளையாட்டிலும் போட்டிமுறை பற்றிய விவாதம் ஆண்டுதோறும் எழுகின்றது. அங்குப் பல்கலைக்கழகங்கள் ‘கான்பரன்ஸ்’ எனப்படும் கூட்டமைப்புகளாகப் பிரிந்துள்ளன. பிப்ரவரி நடுவில் தொடங்கும் பருவத்தில் ஓர் அணி ஏறத்தாழ 56 ஆட்டங்கள் ஆடுகின்றது. மே மாத இறுதியில் பெரும்பாலான கூட்டமைப்புகள் தத்தமக்குள் ஒரு வாரப் போட்டித் தொடரை நடத்துகின்றன. அதில் வாகை சூடும் அணிக்கு 64 அணிகள் பங்கேற்கும் தேசியப் போட்டியில் நேரடி இடம் உண்டு. எஞ்சிய இடங்களைத் தேர்வுக்குழு நிரப்புகின்றது.

இங்கேதான் ஏற்றத்தாழ்வு தோன்றுகின்றது. தென்கிழக்குக் கூட்டமைப்பு போன்ற பெரிய கூட்டமைப்பிலிருந்து 2025ஆம் ஆண்டு 13 அணிகள் தேசியப் போட்டிக்குச் சென்றன. அவற்றுள் முன்னணியில் உள்ள அணிக்கு மே மாதத் தொடரில் தோற்றாலும் பெரிய இழப்பில்லை. சிறிய கூட்டமைப்புகளின் நிலை வேறு. அவற்றுள் பலவற்றிலிருந்து ஒரே ஓர் அணிதான் செல்ல முடியும். மூன்று மாதங்கள் முதலிடத்தில் நின்ற அணி, ஒரு வாரத்தில் சறுக்கினால் அவ்வாண்டின் உழைப்பு முழுவதும் வீணாகும். இவ்விரு வகைக் கூட்டமைப்புகளுக்கும் ஒரே போட்டிமுறையைப் பொருத்துவது பொருந்தாது.

பேஸ்பாலுக்கே உரிய மற்றொரு சிக்கலும் உண்டு. ‘பிட்சர்’ எனப்படும் பந்தெறி வீரரே அவ்வாட்டத்தின் அச்சாணி. தொடக்கத்தில் களமிறங்கும் பந்தெறி வீரர் ஓர் ஆட்டத்தில் நூறு பந்துகள் வரை எறிவார். அதன்பின் அவருடைய தோளுக்கும் முழங்கைக்கும் பல நாள் ஓய்வு தேவை. அதனால்தான் பருவகாலத்தில் வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய நாள்களுக்கு மூன்று வேறு வீரர்களை அணிகள் வைத்துக்கொள்கின்றன. ஒவ்வொருவரும் வாரத்தில் ஒருமுறை தொடக்க வீரராக எறிந்தால் போதும். ஐந்து நாளில் ஐந்து ஆட்டங்கள் என்று அட்டவணை வந்துவிட்டால் இவ்வொழுங்கு சிதைகின்றது. கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர் ஒருவரை ஓய்வின்றித் தொடர்ந்து வீசச் சொன்னால் என்னவாகும் என்று எண்ணிப் பார்த்தால் இதன் கடுமை விளங்கும்.

இதுவரை வழங்கிவரும் முறைகளை இக்கண்கொண்டு நோக்க வேண்டும். இருமுறை தோற்றால் மட்டுமே வெளியேறும் முறை நெடுங்காலமாகப் பேஸ்பாலில் போற்றப்படுவது. ஒரு நாள் சறுக்கலை அது மன்னிக்கின்றது. ஆயினும் அம்மன்னிப்புக்கு விலை உண்டு. நான்கு அணிகள் ஆடும் தொடரில் தோல்வியே காணாத அணி மூன்று ஆட்டங்களில் வாகை சூடிவிடும். முதல் ஆட்டத்தில் தோற்ற அணியோ அதன்பின் தொடர்ந்து நான்கு முறை வெல்ல வேண்டும். ஆக மொத்தம் ஐந்து ஆட்டங்கள். இரண்டாம் வாய்ப்பு தாளில் இருக்கின்றது. அதைப் பயன்படுத்துவதற்கு வேண்டிய பந்தெறி வீரர்கள் அணியில் எஞ்சியிருப்பதில்லை.

அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பு 2017ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் வேறொரு முறையைக் கையாண்டது. 12 அணிகளை மூன்று மூன்றாகப் பிரித்து நான்கு குழுக்கள் அமைத்தனர். குழுவில் மூவரும் ஒவ்வொரு வெற்றி பெற்றுச் சமநிலையில் நின்றால், தரவரிசையில் மேலே உள்ள அணியே முன்னேறும். கேட்பதற்கு எளிய விதிதான். ஆனால், கீழுள்ள இரு அணிகள் முதலில் மோதின என்று கொள்வோம். அதில் தோற்ற அணிக்கு இனிக் கிடைக்கக்கூடியது ஒரே ஒரு வெற்றி. சமநிலை வந்தாலும் முன்னேறுவது மேலுள்ள அணியே. எனவே, தோற்ற அணி அந்நொடியே வெளியேறிவிட்டது. ஆயினும் முதலிடத்து அணியோடு அது இன்னுமோர் ஆட்டம் ஆடியாக வேண்டும். அவ்வாட்டத்தில் எவர் வென்றாலும் எதுவும் மாறாது. சீட்டு வாங்கி வந்த பார்வையாளர் ஒன்பது சுற்றுகள் அமர்ந்து, முன்பே முடிந்துவிட்ட போட்டியைக் காண வேண்டியதுதான்! ஒரு தாளில் சில நிமிடங்கள் கணக்கிட்டாலே புலப்படும் இக்குறை பல ஆண்டுகள் நீடித்தது வியப்புக்குரியது.

2025ஆம் ஆண்டில் அக்கூட்டமைப்பும் தென்கிழக்குக் கூட்டமைப்பும் ஒருமுறை தோற்றால் வெளியேறும் முறைக்கு மாறின. அலபாமா மாநிலத்தின் ஹூவர் நகரில் 16 அணிகள் 15 ஆட்டங்களை ஆடின. முதல் நான்கு இடத்தவர் காலிறுதியில்தான் களமிறங்குவர். அவர்களுக்கு மூன்று வெற்றிகள் போதும். ஒன்பதாம் இடத்திற்குக் கீழே உள்ளோர் ஐந்து முறை வெல்ல வேண்டும். எல்லா ஆட்டங்களுக்கும் பொருள் உண்டு. முன்னணி அணிகளின் பந்தெறி வீரர்களும் காக்கப்படுகின்றனர். பெரிய கூட்டமைப்புகளுக்கு இம்முறையே போதுமானது. அதற்குமேல் நுணுக்கம் தேவையில்லை.

சிறிய கூட்டமைப்புக்கு அதே முறையைக் கொடுப்பது கொடுமை. அங்கு ஒரு பிற்பகலின் தோல்வி ஓராண்டை அழிக்கும். அவற்றுக்கு ஏற்றதொரு வடிவம் இந்திய மாணவர்க்குப் பழக்கமானதே. ஐ.பி.எல். கிரிக்கெட்டில் 2011ஆம் ஆண்டு முதல் நான்கு அணிகள் இறுதிக்கட்டத்திற்கு வருகின்றன. முதல் இரு இடத்தவர் மோதுவர். வென்றவர் நேரே இறுதிக்குச் செல்வர், தோற்றவருக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. மூன்றாம், நான்காம் இடத்தவருள் தோற்றவர் வெளியேறுவர். பருவம் முழுவதும் நன்றாக ஆடியதன் பயனை இம்முறை வீரருக்கு அளிக்கின்றது.

சிறிய கூட்டமைப்புகள் இதைச் சற்றே மாற்றி ஏற்கலாம். புதன்கிழமை முதலிரு ஆட்டங்கள், வியாழக்கிழமை மூன்றாம் ஆட்டம், வெள்ளி ஓய்வு. சனி, ஞாயிறு நாள்களில் மூன்றில் இரண்டு வெல்லும் இறுதித் தொடர். மூன்றாம் ஆட்டம் தேவைப்பட்டால் அது ஞாயிறு மாலையில். புதனன்று வென்று இறுதிக்கு வந்த அணிக்கு இரண்டு முழுநாள் ஓய்வு கிடைக்கும். மே மாதத்தில் தென்மாநிலங்களில் இடியோடு பெய்யும் மழை ஒரு நாளை விழுங்கினாலும் வெள்ளிக்கிழமை கைகொடுக்கும். ஆட்டங்கள் யாவும் பருவத்தில் முதலிடம் பெற்ற அணியின் சொந்தத் திடலிலேயே நடைபெற வேண்டும். தொலைவான நகரில் பெரிய அரங்கை வாடகைக்கு எடுத்துக் காலி இருக்கைகளுக்கு முன் ஆடுவதைவிட அது நன்று.

நான்கு அணிகளுக்கே இடமென்றால் ஏனையோரின் கனவு என்னாவது என்று கேட்போர் உண்டு. எட்டாம் இடத்து அணி ஒரு வாரம் வீறுகொண்டெழுந்து வாகை சூடும் கதை இனிமையானதுதான். ஆனால், அக்கதையின் மறுபக்கத்தில் பருவம் முழுவதும் வென்றும் வீட்டுக்குத் திரும்பும் அணி ஒன்று இருக்கின்றது. அதைப் பற்றி எவரும் பாடுவதில்லை. கனவு காண விரும்பும் அணிக்குப் பருவம் முழுவதும் வாய்ப்புத் திறந்தே இருந்தது.

அட்டவணை எவ்வளவு சீராக இருப்பினும் ஒரு விதி மட்டும் எழுத்தில் வந்தாக வேண்டும். சிறுவர் ஆடும் லிட்டில் லீக் போட்டிகளில் 2007ஆம் ஆண்டு முதல் ஒருவர் எறியும் பந்துகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. பல்கலைக்கழக வீரருக்கு அத்தகைய வரம்பு இல்லை. பயிற்றுநரின் மனச்சான்றே வரம்பு. இறுதியாட்டத்தின் கடைசிச் சுற்றில் அம்மனச்சான்று தளர்வது இயல்பு. 1974ஆம் ஆண்டு டாமி ஜான் என்னும் வீரருக்கு மருத்துவர் பிராங்க் ஜோப் முழங்கைத் தசைநாரை மாற்றி அறுவை செய்தார்; இன்று அவ்வறுவை அவ்வீரரின் பெயராலேயே வழங்குகின்றது. அதன்பின் மீண்டும் முழுமையாக ஆட ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். தொடரில் ஒரே நாளில் எழுபது பந்துகளுக்கு மேல் எறிந்த வீரர் அடுத்த மூன்று நாள்கள் எறியக் கூடாது என்று கூட்டமைப்பே விதித்துவிட்டால், பத்தொன்பது வயது இளைஞன் பயிற்றுநரிடம் “என்னால் இயலாது” என்று சொல்ல வேண்டிய நிலையே வராது.