‘வஞ்சிரம் இருக்கா?’ வேண்டாம்... ‘இன்னிக்கு என்ன மீன் வந்திருக்கு?’ என்று கேளுங்கள்!

கோடை விடுமுறை. மே மாத ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குச் செய்யாற்றிலிருந்து ஒரு வேன் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, ஆயா, சித்தப்பா குடும்பம், பிள்ளைகள் என்று பத்துப் பேர். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக சுமார் 100 கிலோமீட்டர் பயணம். மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலைப் பார்த்து, அலையில் கால் நனைத்து முடிக்கும்போது மணி ஒன்று. எல்லோருக்கும் நல்ல பசி.

ஓட்டலில் உட்கார்ந்ததும் சித்தப்பா கேட்கும் முதல் கேள்வி: “தம்பி, வஞ்சிரம் வறுவல் இருக்கா?”

“இருக்குண்ணே. எத்தனை பீஸ் போடட்டும்?”

பத்துத் தட்டில் வஞ்சிரம் வருகிறது. சாப்பாடும் நன்றாகத்தான் இருக்கிறது. பில் வரும்போதுதான் ஆயா மெதுவாகக் கேட்கிறார்: “இதே வஞ்சிரம் நம்ம ஊர்லயும் ஐஸ் பெட்டியில வருதே... இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?”

ஆயா கேட்டது நியாயமான கேள்வி.

மே மாத வஞ்சிரம் எங்கிருந்து வந்தது?

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்ய விடப்படும் ஓய்வு இது. முன்பு 45 நாளாக இருந்தது, 2017 முதல் 61 நாளானது. இந்த நாள்களில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப் படகுகள் மட்டும் கரையை ஒட்டிப் போய்வரும்.

ஆனால், நாம் குடும்பத்தோடு கடலோரம் போவதும் பெரும்பாலும் இதே கோடை விடுமுறையில்தான். அப்போதும் மெனு கார்டில் வஞ்சிரம், வவ்வால், இறால், கணவாய் என எல்லாமே இருக்கும். நாட்டுப் படகில் போனவர் தூண்டிலில் பிடித்த வஞ்சிரமாக அது இருக்கலாம். முன்பே வாங்கிக் குளிர்பதனக் கிடங்கில் வைத்ததாகவும் இருக்கலாம். மேற்குக் கடற்கரையிலிருந்து லாரியில் வந்ததாகவும் இருக்கலாம். அங்கே தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை என்பதால், மே கடைசி வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகும்.

வெளியூர் மீன் என்பதாலேயே அது கெட்ட மீன் ஆகிவிடாது. சரியாக ஐஸில் வைத்து வந்த மீன், வெயிலில் கிடந்த உள்ளூர் மீனைவிட எவ்வளவோ மேல். ஆனால் ‘இப்பதான் கடல்ல இருந்து வந்துச்சு’ என்ற நினைப்பில் கூடுதல் விலை கொடுக்கிறோம் என்றால், அது உண்மையா என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

கடலோரத்தில் விற்பதெல்லாம் கடல் மீன் அல்ல!

பிள்ளைகள் ஆசையாகக் கேட்கும் ஃபிஷ் ஃபிங்கரை எடுத்துக்கொள்ளுங்கள். முள் இல்லாத, வெள்ளை வெளேர் என்ற அந்தத் துண்டு பல இடங்களில் ‘பாசா’ மீனாக இருக்கும். பாசா கெளுத்தி வகையைச் சேர்ந்த நன்னீர் மீன். வியட்நாமின் மேகாங் ஆற்றுப் பகுதியில் பெரிய அளவில் வளர்க்கப்படுகிறது. இதே இனத்தைச் சேர்ந்த வளர்ப்பு மீன்கள் ஆந்திராவிலிருந்தும் வருகின்றன. அலைச் சத்தத்தைக் கேட்டபடி சாப்பிட்டாலும், அந்த மீன் கடலையே பார்த்திருக்காது!

இறாலும் பெரும்பாலும் பண்ணையில் வளர்ந்ததுதான். ‘வன்னமேய்’ என்ற இறால் இனத்தின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்தின் பசிபிக் கடலோரம். 2009-ல்தான் இந்தியாவில் வளர்க்க அனுமதி கிடைத்தது. இன்று நம் பண்ணைகளில் அதன் ராஜ்ஜியம்தான்.

கொடுவா மீன் கடலிலும் கிடைக்கும், முகத்துவாரத்திலும் கிடைக்கும், உவர்நீர்ப் பண்ணைகளிலும் வளரும். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-ல் கொடுவாவைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்வதில் வெற்றி கண்டது. இன்னொரு சுவாரஸ்யம்: கொடுவா முதலில் ஆணாக இருந்து, வளர்ந்து பெரிதானதும் பெண்ணாக மாறும். மிகப் பெரிய கொடுவா என்றால் அது பெரும்பாலும் பெண் மீன்!

சின்ன மீனில்தான் அந்த ஊர் ருசி

அப்படியென்றால் கடலோரம் போய் என்னதான் சாப்பிடுவது? அன்று காலை நாட்டுப் படகில் வந்ததைச் சாப்பிடுங்கள். நெத்திலி, மத்தி, கானாங்கெளுத்தி, காரப்பொடி, கிழங்கான், சங்கரா, நண்டு... எது கிடைக்கும் என்பது அன்றைய கடலைப் பொறுத்தது. இவற்றில் பல, மெனு கார்டில் பெயராகக்கூட இருக்காது. கேட்டால்தான் தெரியும்.

சிறிய மெஸ்களில் மீன் சாப்பாடு கேட்டுப் பாருங்கள். வறுவலுக்குத்தான் பெயர் பெற்ற மீன் வேண்டும். குழம்புக்கு அன்று எது மலிவாக, புதிதாகக் கிடைத்ததோ அதுதான் பெரும்பாலும் போகும். புளியும் மிளகாயும் சேர்ந்து கொதித்த அந்தக் குழம்பை விட்டுவிட்டு வஞ்சிரம் வறுவலோடு திரும்பினால் நஷ்டம் நமக்குத்தான். விலையும் குறைவு. நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவதால் கால்சியமும் கிடைக்கும். மத்தியில் ஒமேகா-3 கொழுப்பு தாராளம்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. தடைக்காலத்தில் மீனவக் குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணம் 5,000 ரூபாயாக இருந்து, 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 61 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்குச் சுமார் 131 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு! அந்த நேரத்தில் நாட்டுப் படகு கொண்டுவரும் நெத்திலிக்கும் மத்திக்கும் நல்ல விலை கிடைத்தால், அந்தப் பணம் அதே கரையில் இருக்கும் வீட்டின் அடுப்புக்குப் போகும். எல்லோரும் வஞ்சிரம் மட்டுமே கேட்டால், லாரியில் வந்த மீனுக்குத்தான் மவுசு.

ஆர்டர் கொடுக்கும் முன் கேளுங்கள்

1. ‘இன்னிக்கு என்ன மீன் வந்திருக்கு?’ சப்ளையருக்குத் தெரியாவிட்டால் சமையல்கட்டில் கேட்டுவரச் சொல்லுங்கள். தயங்காமல் பதில் சொல்லும் கடை நல்ல கடை.

2. ‘முழு மீனைக் காட்ட முடியுமா?’ மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெரு போன்ற இடங்களில் மீனையும் இறாலையும் தட்டில் வைத்துக் காட்டுவது வழக்கம்தான். கண் தெளிவாக, துருத்திக்கொண்டு இருக்க வேண்டும். செவுள் சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் சதை உடனே மேலெழ வேண்டும். இறாலின் தலை தளர்ந்தோ கறுத்தோ இருந்தால் வேண்டாம். நண்டைக் கையில் எடுத்தால் அதன் அளவுக்குக் கனமாக இருக்க வேண்டும்.

3. ‘எடை எப்போ போடுவீங்க?’ சுத்தம் செய்வதற்கு முன்பா, பின்பா என்பதில் பில் நிறையவே மாறும். சிங்கி இறாலில் ஓட்டுக்கும் சேர்த்துத்தான் காசு.

4. ‘மொத்தம் எவ்வளவு ஆகும்?’ சமையல் கூலி, மசாலா, வரி எல்லாம் சேர்த்து ஒரு தொகையை அடுப்பில் வைப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். சாப்பிட்டு முடித்த பிறகு பேரம் பேசினால் இரண்டு பக்கமும் மனக்கசப்புதான்.

5. ‘நண்டு சினை நண்டா?’ வயிற்றில் முட்டைகளைச் சுமக்கும் நண்டையும் சிங்கி இறாலையும் தவிர்த்துவிடுங்கள். அடுத்த வருஷத்து நண்டு அந்த முட்டைகளில்தான் இருக்கிறது.

கூடுதலாக ஒரு வார்த்தை: இறால், நண்டு சிலருக்கு ஒவ்வாமை தரும். பிள்ளைகள் முதல்முறை சாப்பிடுவதாக இருந்தால் கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள். உதடு வீங்கினாலோ, மூச்சு விடச் சிரமப்பட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

ஊருக்குத் திரும்பிய பிறகும்...

இந்தக் கேள்விகள் கடலோரத்துக்கு மட்டுமானவை அல்ல. செய்யாற்று மீன் கடையிலும் செவுளைத் தூக்கிப் பார்க்கலாம். ‘இது எந்த ஊர் மீன்?’ என்று கேட்கலாம். ஏரியில் தண்ணீர் இருக்கும் காலத்தில் விராலும் கெண்டையும் ஜிலேபியும் 100 கிலோமீட்டர் பயணம் செய்யாமலேயே நம் தெருவுக்கு வருகின்றன. நம் மண்ணில் விளைந்த வேர்க்கடலை எண்ணெயில் அவற்றை வறுத்தால் வரும் வாசனைக்கு எந்த ரிசார்ட் மெனுவும் ஈடாகாது.

அடுத்த முறை வேன் கிளம்பும்போது சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். முதல் கேள்வியை ஆயாவே கேட்கட்டும்: “தம்பி, இன்னிக்கு உங்க கடல்ல என்னப்பா கிடைச்சுது?”