ஓதலும் பாட்டும் ஒரே பட்டியலிலா?



சென்ற ஆண்டு ஷஅபான் மாதத்தில் ஓர் இரவு, நமது மஹல்லாவைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் வஃபாத்தானார். செய்தியறிந்து நாம் சென்றபோது மய்யித்தை நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் ஒரு நாற்காலி. அதன்மீது ஒரு கைபேசி. அதிலிருந்து யாஸீன் சூரா ஒலித்துக்கொண்டிருந்தது. பெண்கள் உள்ளறையில் இருந்தனர். ஆண்கள் திண்ணையில் இருந்தனர். கபன் துணி வந்துவிட்டதா, கப்ரு வெட்ட ஆள் சொல்லியாயிற்றா, சவூதியிலிருந்து மகன் எத்தனை மணிக்கு வந்து சேருவார் என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஓதலை எவரும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் நாமும் கேட்கவில்லை.

யாஸீன் முடிந்தது. ஓரிரு நொடிகள் அமைதி. அதன்பின் ஹார்மோனியமும் தபலாவும் கைத்தட்டலுமாக ஒரு கவ்வாலிப் பாட்டு எழுந்தது. உள்ளே இருந்து ஓடிவந்த மருமகள் கைபேசியை எடுத்து அணைக்கத் தெரியாமல் தடுமாறினார். பாட்டின் முதலடி முழுவதும் ஒலித்து முடிந்த பிறகுதான் அது நின்றது. “யாரு புள்ள இதைப் போட்டது?” என்று பேத்தியை அவர் அதட்ட, அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்னாள்: “ஹஜ்ரத் அனுப்பின லிஸ்ட்தான் மாமி.”

ஆம். அந்தப் பட்டியலைத் தயாரித்தவர்கள் நாமே.

நோன்பு நாட்களில் பிள்ளைகள் திரைப்பாடல் கேட்கிறார்களே என்ற கவலையில், அதற்கு மாற்றாக இருக்கட்டுமென்று, இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு பாடல் செயலியில் ‘ரமழான்’ என்று பெயரிட்டு அந்தப் பட்டியலை அமைத்தோம். அதில் யாஸீன், ரஹ்மான், முல்க் முதலிய சூராக்கள் இருந்தன. நாகூர் ஹனிஃபாவின் பாடல்கள் இருந்தன. ஸாமி யூஸுஃப், மாஹிர் ஸைன் ஆகியோரின் நஷீதுகள் இருந்தன. உறவுக்காரப் பையன் ஒருவன் கேட்டுக்கொண்டதற்காக, ‘ஜோதா அக்பர்’, ‘ராக்ஸ்டார்’ ஆகிய இந்திப் படங்களின் கவ்வாலிகள் இரண்டையும் சேர்த்தோம். இறைவனின் பெயரும் இறைநேசர்களின் பெயரும்தானே வருகின்றன என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். பெற்றோர் குழுமத்தில் அதன் இணைப்பைப் பகிர்ந்தோம். அங்கிருந்து அது எத்தனை வீடுகளுக்குச் சென்றது என்பதை அல்லாஹ்வே அறிவான்.

இதைப் படிக்கும் சிலர், “இசைக்கருவி ஹராம் என்று ஒரு வரியில் முடிக்க வேண்டியதை ஏன் இழுக்கிறீர்கள்?” என்பார்கள். இசை பற்றிய சட்ட விவாதத்தை இங்கே மீண்டும் தொடங்க நமக்கு விருப்பமில்லை. நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் இசைக்கருவிகளைத் தடுத்திருப்பதும், இப்னு ஹஸ்ம் (ரஹ்) அதற்கு மாறுபட்டதும், இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் இசை கேட்பது குறித்தே தனியாக ஒரு பகுதி எழுதியிருப்பதும், பெருநாளன்று அன்னை ஆயிஷா (ரலி) வீட்டில் பாடிக்கொண்டிருந்த இரு சிறுமியரை அபூபக்ர் (ரலி) அதட்டியபோது நபி (ஸல்) அவர்கள் அவர்களை விட்டுவிடச் சொன்னதும் ஓதியவர்கள் அறிந்தவையே. நாம் நமது மாணவர்களுக்குச் சொல்வது பெரும்பான்மையினரின் தீர்ப்பைத்தான். ஆனால் அன்றிரவு அந்த வீட்டில் நம்மைத் தலைகுனிய வைத்தது கவ்வாலி மட்டுமன்று. அந்தப் பாட்டு வராமலே இருந்திருந்தால், யாஸீன் ஒலித்ததையும் அதை யாரும் கேளாததையும் நாம் கவனித்திருக்கவே மாட்டோம்.

பாட்டுக் கேட்பவரைப் பற்றி நாம் ஆயிரம் பயான் செய்துவிட்டோம். திருமறையைப் பாட்டாக்கியவர்களைப் பற்றி இன்னும் ஒரு பயானும் செய்யவில்லை. அதைச் செய்தவர்கள் நாம், தொழுகையாளிகள், தாடி வைத்தவர்கள், பிள்ளைகளை மதரஸாவுக்கு அனுப்புகிறவர்கள். அதனால்தான் அது கண்ணில் படவில்லை.

நம்மிடம் ஓதும் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி ஒரு நாள், “ஹஜ்ரத், எங்க வீட்டுல காலையில ஒரு பாட்டு ஓடும், ஒரே அடி திரும்பத் திரும்ப வரும், அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்” என்றாள். எந்தப் பாட்டு என்று கேட்டோம். முணுமுணுத்துக் காட்டினாள். அது சூரா ரஹ்மான். 31 முறை திரும்ப வந்து, மனிதர்களையும் ஜின்களையும் பார்த்து இறைவன் கேட்கும் அந்தக் கேள்வி, அக்குழந்தைக்குப் பல்லவி. அவளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? குவைத்தைச் சேர்ந்த மிஷாரி ராஷித் அல்அஃபாஸீ சிறந்த காரி. அவரே நஷீதுகளும் பாடுகிறார். ஒரே குரல், ஒரே பட்டியல், ஒரே திரை, பக்கத்தில் ஒரே மாதிரி சதுரப் படம். இது ஓதல், அது பாட்டு என்று குழந்தைக்கு எது பிரித்துக் காட்டும்? பெரியவர்கள் அதை நடத்தும் விதம்தான் பிரித்துக் காட்ட வேண்டும். அதுதான் நம் வீடுகளில் இல்லை.

முன்பு இருந்தது. நாற்பதைக் கடந்தவர்கள் நினைவுகூரலாம். நம் வாப்பாவின் அலமாரியில் ஓதல் கேஸட்டுகள் மேல்தட்டில் குர்ஆன் பிரதிக்குப் பக்கத்தில் இருக்கும். ஹனிஃபா பாட்டுக் கேஸட்டுகள் கீழ்த்தட்டில், டேப் ரிக்கார்டரை ஒட்டி, மூடியில்லாமல் கிடக்கும். ஓதல் கேஸட்டைப் போடுவதற்கு முன் உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொள்வார். வாப்பா “சத்தம் போடாதீங்க” என்பார். அது முடியும்வரை அடுப்படியில்கூடப் பேச்சு இருக்காது. முடிந்ததும் ‘டக்’கென்று பொத்தான் தெறிக்கும், அதன்பின் யாராவது எழுந்துபோய்க் கேஸட்டை மாற்றினால்தான் பாட்டு. அந்த எழுந்து போதலில் ஓர் அதபு இருந்தது என்பது இப்போதுதான் புரிகிறது. ஹனிஃபாவை நேசிக்காத வீடு அந்தத் தெருவில் இல்லை. அவரை யாரும் ஓதலோடு கலக்கவும் இல்லை.

இன்றைய செயலி அந்த இடைவெளியை எடுத்துவிட்டது. ‘ஷஃபிள்’ என்ற பொத்தான் அழுத்தப்பட்டிருந்தால் சூராவுக்கும் பாட்டுக்கும் வரிசையே கிடையாது. பட்டியல் முடிந்துவிட்டால், இதுபோன்றதென்று அது கருதும் வேறொன்றைத் தானே எடுத்து ஒலிக்கிறது. கட்டணம் செலுத்தாதவருக்கு நடுவில் விளம்பரமும் வரும். கருவியைத் திட்டிப் பயனில்லை. அதற்கு எல்லாமே ஒலிதான். அதற்குள் கொண்டுபோய்த் திருமறையை வைத்தவர்கள் நாம்.

சூரா அஃராஃபின் 204ஆம் வசனம், குர்ஆன் ஓதப்படும்போது செவிதாழ்த்திக் கேட்கவும் மௌனமாக இருக்கவும் கட்டளையிடுகிறது. இறையருளை அதனுடன் இணைத்துச் சொல்கிறது. இது தொழுகையில் இமாம் ஓதுவதைக் குறித்தது என்று விரிவுரையாளர் பலர் கூறியுள்ளனர், அது நமக்குத் தெரியும். ஆயினும் தொழுகைக்கு வெளியே அதை அரட்டைக்குப் பின்னணியாக்கலாம் என்று அவர்களுள் யாரும் கூறவில்லை. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களைத் தமக்கு ஓதிக்காட்டும்படி நபி (ஸல்) கேட்டுக்கொண்ட செய்தி புகாரியில் உள்ளது. தமக்கே அருளப்பட்ட வேதத்தைப் பிறர் வாயால் கேட்க விரும்பினார்கள். நிஸா சூராவின் 41ஆம் வசனத்தில் போதும் என்றார்கள். திரும்பிப் பார்த்தபோது அவர்களின் கண்களில் நீர் வழிந்துகொண்டிருந்தது. கேட்டல் என்றால் அது. நாம் மிக்ஸியின் இரைச்சலுக்கு மேலே சப்தத்தைக் கூட்டி வைக்கிறோம்.

“பாட்டு ஓடுவதைவிட இது ஓடுவது மேலல்லவா?” இதுதான் நமக்கு அதிகம் வரும் கேள்வி. வீட்டில் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கவேண்டும் என்பதை யார் விதித்தது என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். பாட்டு விட்டுச்சென்ற இடத்தில் குர்ஆனை நிரப்பினால், பாட்டுக்குக் கொடுத்த கவனத்தைத்தான் குர்ஆனுக்கும் கொடுப்போம். அரைக் காது.

“பகரா சூரா ஒலிக்கும் வீட்டில் ஷைத்தான் நுழையமாட்டானே?” என்று இன்னொரு சாரார். முஸ்லிம் நூலில் இடம்பெறும் அந்த ஹதீஸ் எப்படித் தொடங்குகிறது என்பதை அவர்கள் பார்க்க வேண்டுகிறோம். உங்கள் வீடுகளைக் கப்ருகளாக ஆக்கிவிடாதீர்கள் என்ற எச்சரிக்கையோடு அது தொடங்குகிறது. அதன் பிறகுதான் பகரா ஓதப்படும் வீட்டைவிட்டு ஷைத்தான் விரண்டோடுவது சொல்லப்படுகிறது. கப்ருக்குள் யாரும் ஓதுவதில்லை. வீட்டில் ஐந்து பேர் இருந்தும் ஒரு நாவும் அசையாமல், ஆளில்லாத அறையில் கைபேசி மட்டும் இரண்டு மணி நேரம் ஒலித்துக்கொண்டிருந்தால், அந்த வீடு எந்தப் பக்கம் சேரும்?

இதில் ஃபிக்ஹும் ஒன்று சொல்கிறது. எதிரொலியில் சஜ்தா வசனத்தைக் கேட்டவர்மீது சஜ்தா கடமையாகாது என்று ஹனஃபீ சட்ட நூல்கள் கூறுகின்றன. அதைக் கொண்டு, ஒலிப்பதிவில் கேட்பதற்கும் சஜ்தா இல்லை என்று பிற்கால அறிஞர் பலர் தீர்ப்பளித்தனர். ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளிலும் சஜ்தா வசனங்கள் 14. பட்டியலில் அவை வந்துபோகும்போது நம் வீட்டில் எவரும் எழுவதில்லை. கேட்டால் இந்தத் தீர்ப்பைக் காட்டுகிறார்கள். நல்லது. சஜ்தா என்று வரும்போது அது எதிரொலி, பரக்கத் என்று வரும்போது மட்டும் அது ஓதலா? இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

ஒலிப்பதிவை நாம் வெறுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எகிப்தின் காரி மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ (ரஹ்) அவர்களின் குரலில் முழுக் குர்ஆனும் தர்தீலாக 1961-இல் வெளியானபோது அதன் நோக்கம், சரியான ஓதல்முறையைப் பாதுகாப்பதும் கற்பிப்பதும். 1964-இல் தொடங்கிய கெய்ரோ குர்ஆன் வானொலி அதை உலகின் பல மூலைகளுக்குக் கொண்டுசென்றது. நம் ஹிஃப்ழு மாணவர்கள் இன்றும் அவரது பதிவை ஒரு பக்கம் கேட்டு, நிறுத்தி, தாமே ஓதி, மறுபடியும் கேட்கிறார்கள். கண் தெரியாதவருக்கும், ஓதத் தெரியாத வயோதிகருக்கும், நோயில் படுத்திருப்பவருக்கும் அது பெரும் நிஃமத். இவர்களெல்லாம் கேட்கிறார்கள். நமது வாதம் கேளாதவர்களுடன்தான்.

தூங்கும்போது போட்டுக்கொள்கிறோம் என்னும் சகோதரிகளிடம் கடுமையாகப் பேச நமக்கு மனமில்லை. கணவர் வெளிநாட்டில் இருக்க, குழந்தைகளோடு தனியே உறங்கும் வீடுகள் நம் ஊரில் எத்தனை என்று நாம் அறிவோம். ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறோம்: நபி (ஸல்) அவர்கள் படுக்கைக்குச் செல்லும்போது இக்லாஸ், ஃபலக், நாஸ் ஆகிய மூன்றையும் தம் வாயால் ஓதிக் கைகளில் ஊதி உடலில் தடவிக்கொள்வார்கள். அதை முதலில் செய்யுங்கள்.

இனி, பகிர்வது. நன்மைக்கு வழிகாட்டியவருக்கு அதைச் செய்தவரின் கூலி உண்டு என்ற ஹதீஸை நம்பித்தான் நாமும் அன்று அந்த இணைப்பை அனுப்பினோம். தீய வழக்கமொன்றைத் தொடங்கி வைத்தவர்மீது, அதைப் பின்பற்றியவர்களின் பாவத்திலும் பங்கு உண்டு என்பதும் ஹதீஸ்தான். அதை அப்போது நாம் நினைக்கவில்லை. நாம் தனியே எதைக் கேட்கிறோம் என்பது நமக்கும் நம் ரப்புக்கும் இடையிலானது. பெயர் போட்டு, ‘ஹஜ்ரத்’ என்ற நம்பிக்கையையும் சேர்த்து அனுப்பும்போது அது அப்படியில்லை. அந்தப் பேத்தி பட்டியலை ஒரு முறைகூடச் சரிபார்க்கவில்லை, நாம் அனுப்பியது என்பதால்.

அன்றிரவு கைபேசி அணைந்த பின் அந்த வீட்டில் நெடுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு அதே பேத்தி உளூச் செய்துவந்து, முஸ்ஹஃபை மடியில் வைத்துத் தானே யாஸீன் ஓதத் தொடங்கினாள். மய்யித்தின் அருகே அதை ஓதுவது குறித்து உள்ள கருத்து வேறுபாட்டை இப்போது கிளப்ப வேண்டாம். மத்து, குன்னா எல்லாம் தடுமாறியது, இரண்டு இடங்களில் திக்கினாள், நாம் திருத்தவில்லை. திண்ணையிலிருந்த ஆண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மனிதக் குரல் கேட்டால் தானாகவே வாய் மூடிக்கொள்கிறது, பாருங்கள்.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் அந்தப் பட்டியலை அழித்தோம். குழுமத்தில் அறிவித்தபோது, “பாட்டை மட்டும் எடுத்துவிட்டால் போதாதா, நோன்பு நேரத்தில் பிள்ளைகளுக்கு எதைப் போடுவது?” என்று மூன்று வாப்பாக்கள் கோபமாகக் கேட்டார்கள். எதையும் போட வேண்டாம், மஃரிபுக்குப் பின் வீட்டில் ஆளுக்கு அரைப் பக்கம் ஓதுங்கள், பிள்ளை ஓதும்போது நீங்கள் கேளுங்கள் என்று பதில் எழுதினோம். ஒருவர் குழுமத்தைவிட்டு விலகிவிட்டார். அல்லாஹ் அவருக்கும் நமக்கும் அருள்புரியட்டும்.

நாம் அழித்தாலும், அந்தப் பட்டியலிலிருந்து தமக்கென்று தனிப் பிரதி எடுத்துக்கொண்டவர்களிடம் அது அப்படியே இருக்கும் என்று பின்னர்தான் தெரிந்தது. ஆகவே ‘ரமழான்’ என்ற பெயரில், நம் வழியாகவோ பிறர் வழியாகவோ, அப்படியொன்று உங்கள் கைபேசிக்கு வந்திருந்தால் அழித்துவிடுங்கள். நீங்கள் யாருக்கேனும் அனுப்பியிருந்தால் அவர்களுக்கும் தெரிவித்துவிடுங்கள்.

வஸ்ஸலாம்.