காலைத் தும்மலும் உப்புநீரும்

மார்கழி பிறந்தால் சில வீடுகளில் பொழுதே தும்மலோடுதான் விடியும். அடுக்கடுக்காகத் தும்மல், மூக்கில் நீர், கண்ணில் அரிப்பு. காய்ச்சல் இராது, வெயில் ஏறினால் தணியும். சளி என்று நினைப்போம். பெரும்பாலும் அது ஒவ்வாமை, அதாவது அலர்ஜி.

தீங்கற்ற தூசியை உடல் பகையாக எண்ணிவிடுவதே ஒவ்வாமை. அந்தத் தூசிக்கென்றே ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளை உடல் உண்டாக்குகிறது. அது மூக்கின் உட்பரப்பில் உள்ள மாஸ்ட் செல்களில் ஒட்டிக் காத்திருக்கும். தூசி மறுபடி வந்ததும் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. தும்மலும் அரிப்பும் அதன் வேலை.

எந்தத் தூசி? மழைக்குப்பின் காலி மனைகளில் பூக்கும் பார்த்தீனியத்தின் மகரந்தமாக இருக்கலாம். பரணிலிருந்து இறக்கிய கம்பளியின் தூசியாகவும் இருக்கலாம். மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகள் வாழ்கின்றன. நம் உடலிலிருந்து உதிரும் தோல்துகள்தான் அவற்றின் உணவு. மழைக்கால ஈரத்தில் இந்த உண்ணிகள் பெருகும். அவற்றின் கழிவே ஒவ்வாமையைத் தூண்டுகிறது. ஆகவே உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பது நல்லது. மெத்தையை வெயிலில் போட்டால் ஈரம் போகும். உண்ணிக்கு ஈரம் இல்லாமல் வாழ்வில்லை.

மூக்கில் ஏற்கெனவே புகுந்ததை என்ன செய்வது? கழுவலாம். யோகப் பயிற்சியில் இதை ஜலநேதி என்பார்கள். அரை லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து, வெதுவெதுப்பாக ஆறியபின் முக்கால் தேக்கரண்டி அயோடின் சேராத உப்பைக் கரைக்க வேண்டும். ஏறத்தாழ இது நம் உடல்நீரின் உப்பளவு, அதனால் எரியாது. தலையைச் சாய்த்து ஒரு நாசியில் ஊற்றினால் மறு நாசி வழியே வடியும். சளியோடு தூசியும் போகும். கொதிக்கவைக்காத குழாய்நீர் மட்டும் கூடவே கூடாது. அதில் அரிதாக இருக்கும் ஒருவகை அமீபா மூக்கு வழியே மூளைக்கு ஏறி உயிரையே பறிக்கும்.

உள்ளூர்த் தேன் ஒவ்வாமையைப் போக்கும் என்றும் சொல்வார்கள். தேனீ சேர்ப்பது பெரும்பாலும் பூக்களின் கனமான, ஒட்டும் மகரந்தம். தும்மவைப்பது பெரும்பாலும் காற்றில் பறக்கும் மெல்லிய மகரந்தம். எனவே அதை நான் நம்பிப் பரிந்துரைக்க மாட்டேன். ஆவி பிடித்தால் அடைப்பு சற்று நேரம் இளகும். ஆனால் குழந்தைக்கு வெந்நீர் கொட்டிப் புண்ணாகும் ஆபத்து உண்டு.

துவைப்பதும் மூக்கைக் கழுவுவதும் மூக்கில் சேரும் தூசியைக் குறைக்குமே தவிர, உடலின் அந்தத் தவறான எண்ணத்தை மாற்றாது. தும்மல் தூக்கத்தைக் கெடுத்தால் மருத்துவர் தரும் மாத்திரையையோ மூக்கு ஸ்பிரேயையோ தயங்காமல் எடுக்கலாம். மூச்சில் விசில்போல் சத்தம் கேட்டால், உப்புநீரை வைத்துவிட்டு அன்றே அவரிடம் போக வேண்டும்.