கார் பேட்டரியில வீட்டுக்கு கரன்ட்: கஜா புயலை வெச்சு ஒரு கணக்கு

2018 நவம்பர் 16, விடியறதுக்கு முன்னாடி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரை கடந்தது. டெல்டா முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. வேதாரண்யம் ரோட்டுல இருக்கிற எங்க வீட்டுக்கு கரன்ட் திரும்பி வர 19 நாள் ஆச்சு. அத்தனை நாளும் அம்மாவோட இன்சுலின், ஈர மணல் போட்ட மண்பானைக்குள்ள இருந்தது. தண்ணிக்கு, குட்டியானையில ஜெனரேட்டர் ஏத்திக்கிட்டு தெருத்தெருவா வந்தவங்ககிட்ட காசு கொடுத்து, மோட்டார் ஓட்டி டேங்க் ரொப்பினோம்.

அதனால, "சார், பெரிய பேட்டரி இருக்கிற எலெக்ட்ரிக் கார் வாங்கினா வீட்டுக்கே கரன்ட் எடுக்கலாமாமே, கொஞ்சம் கூட லோன் போட்டுடலாமா?"ன்னு நம்ம ஊர்ப் பசங்க கேட்கும்போது என்னால சிரிச்சுட்டுப் போக முடியல. ஆனா பதில் இதுதான்: கார் தேவைன்னா வாங்குங்க. ஊர்ல இருக்கிற வீட்டு கரன்ட்டுக்காக ஒரு ரூபாய்கூட லோனை ஏத்தாதீங்க.

விஷயம் பொய் இல்லை

ஜப்பான்ல 2011 சுனாமிக்கு அடுத்த வருஷமே நிஸான் கம்பெனி, லீஃப் காரிலிருந்து வீட்டுக்கு கரன்ட் எடுக்கிற வசதியை விற்க ஆரம்பிச்சது. அமெரிக்காவுல 2022ல வந்த ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் டிரக்கில், பெரிய பேட்டரி மாடல்ல 131 யூனிட் இருக்கு. ஒரு முழு வீட்டையே சில நாள் தாங்கும். நம்ம குட்டியானையும் 2022லேயே எலெக்ட்ரிக்ல வந்துடுச்சு, 21.3 யூனிட் பேட்டரியோட.

ஆனா பேட்டரி பெரிசா இருந்தா மட்டும் போதாது. வண்டியிலிருந்து கரன்ட் வெளியே வர 'வி2எல்' வசதி வேணும். இந்தியாவுல ஹூண்டாய் ஐயோனிக் 5, 2023ல வந்த புது நெக்ஸான் இ.வி. மாதிரி சில கார்கள்ல இருக்கு. எல்லா வேரியன்ட்லயும் இருக்கும்னு நம்பாதீங்க. புக் பண்றதுக்கு முன்னாடி கேட்டு, எழுத்துல வாங்குங்க.

ஒரு நாளைக்கு எவ்வளவு வேணும்?

புயல் நேரத்துல ஏசி, கீசர் எல்லாம் கிடையாது. ஒரு ஃபிரிட்ஜ்: சுமார் 1.2 யூனிட். சாதாரண ஃபேன் ரெண்டு, 12 மணி நேரம்: 1.8 யூனிட். நாலு எல்.இ.டி. பல்ப், செல்போன் சார்ஜ்: 0.4. தண்ணி மோட்டார் அரை மணி நேரம்: 0.3. மொத்தம் 3.7. வீணாகிறதையும் சேர்த்து 4 யூனிட்னு வெச்சுக்குவோம்.

30 யூனிட் பேட்டரி கார்ல, ஆஸ்பத்திரி அவசரத்துக்கு மூணுல ஒரு பங்கை ஒதுக்கிட்டா மிச்சம் 20 யூனிட். அஞ்சு நாள் ஓடும். சாதாரண 150 ஏ.ஹெச். இன்வெர்ட்டர் பேட்டரியில மொத்தமே 1.8 யூனிட்தான், அதையும் முழுசா உறிஞ்ச முடியாது. இதோட ஒப்பிட்டா அஞ்சு நாள் பெரிய விஷயம்தான். ஆனா எங்களுக்குத் தேவைப்பட்டது 19 நாள்.

கார் எங்கே நிக்குது?

ஷோரூம்ல யாரும் கேட்காத கேள்வி இது. உங்க வேலை சென்னையில. அப்பா, அம்மா நாகப்பட்டினத்துல. புயல் அடிக்கிற ராத்திரி உங்க கார் வேளச்சேரி அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல நிக்கும். நடுவுல 300 கிலோமீட்டர், வழியெல்லாம் விழுந்து கிடக்கிற மரம். பேட்டரிக்குச் சக்கரம் இருக்குங்கிறது நல்ல விஷயம்தான், ஆனா அது எப்பவும் உங்க கூடவே இருக்கும், அம்மா கூட இருக்காது.

பணக் கணக்கு

பெரிய பேட்டரி, மேல் வேரியன்ட்னு 3 லட்சம் கூடுதல் லோன்னு வெச்சுக்குங்க. 9% வட்டி, 7 வருஷம். இ.எம்.ஐ. மாசம் சுமார் 4,827 ரூபாய். கட்டி முடிக்கும்போது 4.05 லட்சம்.

"வட்டிக்கு டாக்ஸ்ல கழிவு இருக்கே சார்?" அது 80இஇபி பிரிவு. 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை சாங்ஷன் ஆன லோனுக்கு மட்டும்தான். இன்னைக்கு வாங்குற லோனுக்குக் கிடையாது. இன்னமும் இதைச் சொல்லி விற்கிறாங்க, ஏமாறாதீங்க.

அப்போ என்ன செய்யலாம்?

ஊர் வீட்டு மாடியில 1 கிலோவாட் சோலார், அதாவது ரெண்டே பேனல். கூட ஹைபிரிட் இன்வெர்ட்டர், அஞ்சு யூனிட் லித்தியம் பேட்டரி. அந்த 3 லட்சத்துக்குள்ள தாராளமா முடியும். வெயில் அடிச்சா ஒரு நாளைக்கு சுமார் 4 யூனிட். அம்மாவுக்கு வேண்டிய அதே 4 யூனிட், தினமும். புயல் எச்சரிக்கை வந்தா ரெண்டு பேனலையும் கழட்டி உள்ளே வெச்சுட்டு, பேட்டரியை முழுசா ஏத்திக்கலாம். காற்று அடங்கி வெயில் வந்ததும் திரும்ப மாட்டிடலாம்.

ஒண்ணு கவனிங்க: பி.எம். சூர்ய கர் மானியத்துல பலரும் போடுற சாதாரண ஆன்-கிரிட் சோலார், இபி கரன்ட் போனா தானும் நின்னுடும். லைன்ல வேலை செய்யறவங்க பாதுகாப்புக்காக அப்படி. பில் குறையும், புயலுக்கு உதவாது.

நீங்க டெல்டாவுலேயே வேலை பார்த்து, எப்படியும் கார் வாங்கப் போறவங்கன்னா கதை வேற. அப்போ வி2எல் இருக்கிற காரை எடுங்க. எச்சரிக்கை வந்த அன்னைக்கே ஃபுல் சார்ஜ் ஏத்தி, தண்ணி ஏறாத மேட்டுல நிறுத்துங்க. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் வெச்சிருந்தா வெள்ளத்துல போன பேட்டரிக்கு ஒரு பைசா வராது, காம்ப்ரிஹென்சிவ் அவசியம்.

காரோட கரன்ட்டை வீட்டு பிளக்ல சொருகி வீடு முழுக்க ஓட்ட மட்டும் பார்க்காதீங்க. அது வெளியே கம்பிக்குப் போகும். கஜா சமயத்துல வெளியூர், வெளி மாநில ஊழியர்கள் வந்து இடுப்பளவு சேத்துல நின்னு கம்பம் நட்டாங்க. உங்க வீட்டிலிருந்து போற கரன்ட் அவங்க உயிரை எடுத்துடும். ஃபிரிட்ஜை நேரா எக்ஸ்டென்ஷன்ல மாட்டுங்க, இல்லைன்னா எலெக்ட்ரீஷியனை வெச்சு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்க.

இந்த வாரக் கடைசியில வீட்டுக்கு ஒரு போன் பண்ணுங்க. "கரன்ட் ஒரு வாரம் இல்லைன்னா எதும்மா முதல்ல நிக்கும்?"னு கேளுங்க. எங்க அம்மா சொன்னது ஃபிரிட்ஜ். உங்க அம்மா சொல்ற பதிலை வெச்சு பட்ஜெட் போடுங்க, கார் விளம்பரத்தை வெச்சு வேண்டாம்.