காட்டுக்கு முதல் சொந்தக்காரர் யார்?

படம் வெற்றி பெற்றால் கதையை மேலே வளர்ப்பார்கள். கன்னட நடிகர் ரிஷப் ஷெட்டியோ பின்னால் போனார்! 2022-ல் வெளியான அவருடைய "காந்தாரா" படத்துக்கு, 2025-ம் ஆண்டு அக்டோபர் 2-ந்தேதி முன்கதை வந்தது. தமிழிலும் திரையிடப்பட்டது.

"காந்தாரம்" என்றால் அடர்ந்த காடு. முன்கதை நடப்பது கதம்ப மன்னர்கள் காலத்தில். தெய்வமே துணை என்று காட்டில் வாழும் மக்கள். அவர்களை அடக்க நினைக்கும் அரச குடும்பம். மாயக்காட்சிகள் ஏராளம். ஆனால், படத்தின் பெருமை அதில் இல்லை. அரசனுக்கு முன்பே காட்டில் மனிதன் இருந்தான் என்று சொல்கிறதே, அதுதான் பெருமை!

இந்த உண்மை தமிழ்நாட்டிலும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே செண்பகத்தோப்பு. மலையில் காட்டழகர் கோவில். மரங்களில் சாம்பல் நிற அணில்கள். அடிவாரத்தில் பளியர் குடியிருப்பு.

இந்த மலைக்காடு 1988-ல் அணில்கள் சரணாலயம் ஆயிற்று. 2021-ல் புலிகள் காப்பகம் ஆயிற்று. பளியர்கள் தேன் எடுத்தது அதற்கெல்லாம் முன்பே! காட்டு மக்கள் தேன் சேகரிக்கும் உரிமையை 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டமும் ஏற்றுக்கொண்டது.

திரையில் காட்டு மக்கள் ஜெயித்தபோது ஜனங்கள் கை தட்டினார்கள். நேரில் பார்க்கும்போது அவர்களை ஒதுக்கினால், அந்தக் கைதட்டலுக்கு என்ன அர்த்தம்? செண்பகத்தோப்புக்குப் போகும் பெற்றோர் பிள்ளைகளுக்கு அணிலைக் காட்டட்டும். பளியர்களின் முன்கதையையும் சொல்லட்டும்!