வீட்டுத் தொழில்: வாடிக்கையாளர் இழப்பீடு கேட்டால் யார் பொறுப்பு?

கேக், முறுக்கு, மருதாணி, ரவிக்கைத் தையல்... சிங்கப்பூரில் வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பலருக்கு இன்ஸ்டகிராம் பக்கம்தான் கடை. வாட்ஸ்அப்தான் ஆர்டர் புத்தகம்.

வீட்டுக் கஃபேக்கள் பற்றி 2025இல் சூடான விவாதம் நடந்தது. வாடகை கட்டும் கடைகளுக்கு அது நியாயமா என்பதே பெரும்பாலான பேச்சு.

அதிகம் பேசப்படாத கேள்வி ஒன்று உண்டு. நீங்கள் விற்ற பலகாரத்தைச் சாப்பிட்டவர் மருத்துவமனையில் சேர்ந்தால் செலவை யார் ஏற்பது?

சின்னதாதானே செய்றேன்... என் மேல வழக்கு வருமா?

வரலாம். தொழில் சிறியதா பெரியதா என்று சட்டம் பார்ப்பதில்லை. நியாயமான கவனத்துடன் செய்தீர்களா என்று பார்க்கும்.

காசு கொடுத்து வாங்கியவர் மட்டும்தான் கேட்கமுடியும் என்றும் இல்லை. ஸ்காட்லந்தில் ஒரு பெண், தாம் குடித்த இஞ்சி பானப் புட்டிக்குள் நத்தை இருந்ததாகச் சொல்லி வழக்குப் போட்டார். பானத்தை வாங்கித் தந்தது கூட வந்த நண்பர். ஆனாலும் தயாரிப்பாளருக்கு, குடிப்பவர் மீதும் கடமை உண்டு என்று 1932இல் பிரிட்டனின் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. சிங்கப்பூரின் கவனக்குறைவுச் சட்டத்துக்கும் அந்தத் தீர்ப்புதான் வேர்.

ஆக, தீபாவளிக்கு உங்களிடம் வாங்கிய பலகாரத்தை ஒருவர் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தால், அந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் இழப்பீடு கேட்கலாம். உங்கள் கவனக்குறைவால்தான் பாதிப்பு என்பதை அவர் நிரூபிக்கவேண்டும்.

பதிவு செஞ்சா பாதுகாப்பா?

எப்படிப் பதிவு செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

அடையாள அட்டையில் உள்ள முழுப்பெயரிலேயே தனியாகத் தொழில் நடத்தினால் பதிவு தேவையில்லை. வேறு பெயர் வைத்தால் அக்ரா எனப்படும் கணக்கியல், நிறுவனக் கட்டுப்பாட்டு ஆணையத்தில் தனி உரிமையாளராகப் பதியவேண்டும். ஓராண்டுக்கு 115 வெள்ளி. இரண்டிலும் சட்டத்தின் கண்ணில் நீங்களும் உங்கள் தொழிலும் ஒன்றுதான். தொழிலின் கடனுக்கு உங்கள் வங்கிச் சேமிப்பும் பதில் சொல்லவேண்டும்.

"அப்போ வீட்டையே எடுத்துடுவாங்களா?" நொடித்துப்போனவரின் வீவக வீட்டில் சிங்கப்பூர்க் குடிமக்கள் ஒருவராவது உரிமையாளராக இருந்தால், அந்த வீடு பொதுவாகக் கடன்காரர்களுக்குப் போகாது. மத்திய சேம நிதிக் கணக்கில் உள்ள பணமும் அப்படியே. தனியார் வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

பிரைவேட் லிமிடெட் நிறுவனம் தொடங்க 315 வெள்ளி. சட்டப்படி அது தனி 'ஆள்'. அதன் கடன் பொதுவாக அதனோடு நின்றுவிடும். ஆனால் நிறுவனச் செயலாளர், ஆண்டறிக்கை என்று செலவு தொடரும்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். சமைத்ததும் நீங்கள், பொட்டலம் கட்டியதும் நீங்கள் என்றால், நிறுவனத்தோடு சேர்த்து உங்கள் மீதும் வழக்குப் போடமுடியும். உங்கள் சொந்தக் கவனக்குறைவை நிறுவனத்தின் பெயர் மறைக்காது.

"நாங்கள் பொறுப்பல்ல"ன்னு போட்டுட்டா போதாதா?

போதாது. கவனக்குறைவால் ஏற்படும் மரணத்துக்கோ காயத்துக்கோ உள்ள பொறுப்பை எந்த அறிவிப்பாலும் தட்டிக்கழிக்க முடியாது. நியாயமற்ற ஒப்பந்த விதிமுறைகள் சட்டம் அதைத் தடுக்கிறது. பொருள் சேதம் போன்றவற்றில் அந்த வாசகம் நியாயமாக இருந்தால் மட்டுமே செல்லும்.

எச்சரிக்கை வேறு. "இதில் நிலக்கடலை உள்ளது" என்று தெளிவாகச் சொல்வது வாடிக்கையாளரைக் காக்கும். கவனமாக நடந்துகொண்டீர்கள் என்பதற்கும் சான்றாகும்.

எந்தக் காப்புறுதி?

- பொதுப் பொறுப்புக் காப்புறுதி: உங்கள் தொழிலால் மற்றவருக்கு ஏற்படும் காயம், பொருள் சேதம்.
- பொருள் பொறுப்புக் காப்புறுதி: விற்ற பொருளால் வரும் பாதிப்பு. உணவு விற்பவர்கள் இது சேர்ந்திருக்கிறதா என்று கட்டாயம் கேட்கவேண்டும்.
- தொழில்முறைப் பொறுப்புக் காப்புறுதி: ஆலோசனை, வடிவமைப்பு போன்ற சேவைகளில் நேரும் தவறுகள்.

வீட்டுக் காப்புறுதி இருக்கிறதே என்று நினைக்கவேண்டாம். அதில் தொழில் தொடர்பான பொறுப்பு பெரும்பாலும் சேராது.

நாளை கடை எடுத்து ஆள் வைத்தால், உடலுழைப்பு வேலை செய்யும் ஊழியர்கள் அனைவருக்கும், மாதம் 2,600 வெள்ளி அல்லது அதற்குக் குறைவாகச் சம்பளம் வாங்கும் மற்ற ஊழியர்களுக்கும் வேலையிடக் காயக் காப்புறுதி கட்டாயம். எடுக்காவிட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை அல்லது இரண்டும்.

புகார் வந்துட்டா?

கேக் சரியில்லை, பணத்தைத் திருப்பிக் கொடு என்பது போன்ற சச்சரவு பொதுவாகச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகும். வரம்பு 20,000 வெள்ளி. இருதரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000. வழக்கறிஞர் கிடையாது. 2 ஆண்டுக்குள் கோரிக்கை வைக்கவேண்டும்.

உடல் காயம் அந்த மன்றத்தில் வராது. அது நீதிமன்றம் போகும். அதற்குப் பொதுவாக 3 ஆண்டு அவகாசம் உண்டு. அதனால் ஆர்டர் செய்திகள், ரசீதுகள், மூலப்பொருள் வாங்கிய தேதிகள் ஆகியவற்றை அதுவரையாவது அழிக்காதீர்கள்.

பாதிக்கப்பட்டவரிடம் நலம் விசாரிப்பதில் தவறில்லை. ஆனால் "எல்லாம் என் தப்பு, முழுச் செலவையும் தர்றேன்" என்று உடனே வாட்ஸ்அப்பில் எழுதவேண்டாம். முதலில் காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லுங்கள். கேட்காமல் பொறுப்பை ஒப்புக்கொண்டால் இழப்பீட்டைத் தர நிறுவனம் மறுக்கக்கூடும்.

மாவு, எண்ணெய், டெலிவரி எல்லாம் சேர்த்துத்தான் விலை போடுகிறீர்கள். காப்புறுதிச் சந்தாவையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.